பட்டப்பகலில் ஹோமுக்குப் போன அத்தைக்கு

அத்தை,

நேற்று முருங்கைக்காய் நறுக்கும்போது விரலையும் கொஞ்சம் சேர்த்து நறுக்கிவிட்டேன். பெரிய காயம் ஒன்றும் இல்லை. கட்டுப் போடலாம் என்று அலமாரியில் கிடந்த பேண்டேஜ் சுருளை எடுத்துப் பிரித்தேன். பிளீச்சிங் பவுடரும் பஞ்சும் கலந்த அந்த வாசனை வந்ததுதான் தாமதம், அடுக்களை வாசலில் நீங்கள் வந்து நின்றுகொண்டீர்கள். "கண்ண எங்கட்டி வச்சிருந்த?" என்று அதட்டியது போலவே இருந்தது.

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து துணி வாங்கி வந்து வீட்டில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தீர்களே, அந்த நாட்களில் உங்கள் முந்தானை, தலையணை எல்லாவற்றிலும் இந்த வாசனைதான். ராஜபாளையத்தில் பாதி வீடுகளில் இது உண்டு. ஆனாலும் எனக்கு இது உங்கள் வாசனை. விரலைச் சுற்றிக் கட்டிவிட்டு, மீதித் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேச வேண்டியதில் பாதி சண்டைதான். சண்டை உங்களோடு இல்லை, ஊரோடு. வேறு யாரிடம் சொன்னாலும் "விடுங்க, பழைய கதை" என்கிறார்கள். எனக்கு விட மனசில்லை.

நான் மருமகளாக வந்தபோது நீங்கள் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்தீர்கள். மாமா எப்போதோ போய்விட்டார். ஷிப்டு பார்த்தே ஒரு மகளையும் மகனையும் வளர்த்திருந்தீர்கள். மகளைக் கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன், அதாவது என் வீட்டுக்காரர், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நான் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோது, "நான் போகலையா? என் வீட்ல அடுப்பு எரியலையா?" என்று ஒரே போடாகப் போட்டவர் நீங்கள்.

நம் இரண்டு பேருக்கும் ஷிப்டு. வீட்டில் யார் இருக்கிறோமோ அவர் சமையல். நான் சமைக்கிற நாளில் உங்கள் தூக்குச்சட்டியை நான்தான் கட்டிக் கொடுப்பேன். மறுநாள் தவறாமல் குறை வரும். "நேத்து கொழம்புல புளி தூக்கலு." "அந்தக் கத்தரிக்காய இன்னும் செத்த நேரம் வதக்கியிருக்கணும்." நானும் சளைக்காமல் திருத்திக்கொள்வேன். திருத்தித் திருத்தி என் கை ஒரு பக்குவத்துக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. நான் கட்டிக் கொடுத்த சோற்றை மில்லில் நீங்கள் தின்றதே இல்லை. உங்களுக்கு அடுத்த மிஷினில் நின்ற மரியபுஷ்பம் அதைத் தின்றார். அவர் கொண்டுவந்ததை நீங்கள் தின்றீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆரம்பித்த பழக்கமாம். மில் கேட்டுக்குள் நுழைந்ததும் தூக்குச்சட்டிகள் கைமாறிவிடும்.

"அப்ப இம்புட்டு நாளா கொறை சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"அவதான். நான் ஒம்மேல எதுக்குட்டி கொறை சொல்லப் போறேன்?" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னீர்கள்.

முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு அத்தனை வருஷம் சமைத்துப் போட்டிருக்கிறேன்! அன்றைக்கு எனக்கு வந்த கோபமும் சிரிப்பும் இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். ஒல்லியாக, நெட்டையாக, நெற்றியில் பொட்டில்லாமல் வந்து நின்றவர், என்னைப் பார்த்ததும் "ஒன் ரசம் நல்லாருக்கும்மா" என்றார். உங்களை அத்தை என்று கூப்பிட்ட வாய்க்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. புஷ்பத்தம்மா என்று வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் இருவரும் சேர்ந்தே வேலையை விட்டீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். புஷ்பத்தம்மாவுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். சம்பளம் நின்றதும் அங்கே அவருக்கு இருந்த இடமும் சுருங்கிவிட்டது. ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, மடவார் வளாகம் ஸ்டாப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் வருமே, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹோம், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ஹோம் என்று அப்போது யார் சொன்னார்கள்? அநாதை மடம் என்பதுதான் ஊர் வைத்த பெயர். நாதியில்லாமல் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் விழுந்து கிடந்தவர்களைத் தூக்கி வந்து குளிப்பாட்டிக் கஞ்சி ஊற்றுகிற இடம். அங்கே போவதும் போய்ச் சேர்வதும் ஒன்று என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

நீங்கள் வாராவாரம் டவுன் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டே, "நானும் புஷ்பத்தோட போயி இருந்துக்கலாம்னு பாக்கேன்" என்றீர்கள்.

இவர், என் வீட்டுக்காரர், சிரித்தார். "எத்தன நாளைக்கும்மா?"

"இருக்கித வரைக்கும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கூமாப்பட்டியிலிருந்து மதினி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே என்னிடம் வந்து, "ஏட்டி, எங்கம்மாவ என்ன சொன்ன?" என்றுதான் ஆரம்பித்தார். அவர் மகளுக்கு அப்போது வத்திராயிருப்புப் பக்கம் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். "சம்பந்தம் பேசி முடிக்கிற நேரத்துல, பெத்த தாய அநாத மடத்துல விட்ட குடும்பம்னு பேர் வாங்கவா? இங்க ஒனக்கு என்ன கொறம்மா?"

"ஒரு கொறையும் இல்ல. அவனும் நல்லவன், இவளும் நல்லவ. நேரத்துக்குச் சோறு வருது. அம்புட்டுதான் வருது. விடிஞ்சா அவன் கடைக்கி, இவ ஆபீசுக்கு. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அம்புட்டு பொம்பளைக நடுவுல நின்னு வேல பாத்தவட்டி நான்."

"கோயில் கொளம்னு போய்ட்டு வாயேன். யார் வேண்டாங்கா?"

"சாமிகிட்ட நான் பேசலாம். அது திருப்பிப் பேசணும்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை மதினி கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆனால் ஹோமிலும் உங்களை எடுத்த எடுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை. யாருமே இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று சிஸ்டர் கையை விரித்துவிட்டார். வாட்ச்மேன் உங்கள் மேல் இரக்கப்பட்டு, "ஒருத்தரும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க ஆச்சி. யார் வந்து பாக்கப் போறா?" என்று காதோடு யோசனை சொன்னார். அங்கே இருந்தவர்களில் சிலர் அப்படிச் சொல்லி வந்தவர்கள்தான். நீங்கள் அவருக்குப் பதில் சொல்லாமல் மறுபடி சிஸ்டரிடமே போனீர்கள். "பெத்தது ரெண்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. இல்லன்னு எப்படிம்மா சொல்ல?"

"உங்களை எடுத்தா, ஆள் இருக்கிறவங்க எல்லாரும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாங்கம்மா," என்றார் சிஸ்டர். அவர் பயம் நியாயமானது.

"கொண்டாந்து விடுதவனத் திருப்பி அனுப்புங்க. நான் நடந்து வாரேன்."

எத்தனை தடவை போய் இதையே சொன்னீர்களோ, கடைசியில் சிஸ்டர் இறங்கி வந்தார். வீட்டு ஆள் ஒருவர் கூடவே வந்து, நாங்கள் விரட்டவில்லை, அவராகத்தான் வருகிறார் என்று வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இவர் முடியவே முடியாது என்றார். மதினியைக் கேட்கவே வேண்டாம். நான் வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை அத்தை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் இவர் ஒரு வழி சொன்னார். "போறதுன்னா விடியமுன்ன கார் பிடிச்சுத் தாரேன். ஆள் நடமாட்டத்துக்கு முன்ன போயிருங்க."

"நான் என்ன களவாண்டுட்டா போறேன்?" என்றீர்கள்.

நாம் கிளம்பியது நல்ல வெயிலில், கடைகள் எல்லாம் திறந்த பிறகு. டிரங்குப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். நீங்கள் கஞ்சி போட்டுத் தேய்த்த சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார சீதம்மா வாசலுக்கு ஓடி வந்து, "ஏமம்மா, பெட்டியோட எங்க பயணம்?" என்றார். "வில்லிபுத்தூருக்கு. ஹோம்ல புஷ்பத்தோட இருக்கப் போறேன். ஒழிஞ்ச நேரம் வா, பேசிக்கிட்டிருக்கலாம்" என்றீர்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர் போல. பால் கடை, தையல் கடை, வெற்றிலைக் கடை என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிக்கொண்டே போனீர்கள். எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னை முறைத்தார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. மாமியாரை ஹோமில் விட்டவள். நீங்கள் அத்தனை பேரிடமும் உங்கள் வாயால் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பெரியவள் வயிறெரிந்து போனதனால்தான் அவளுக்குத் தங்கவில்லை என்றார்கள். அதை என் காதுபடவே சொன்னார்கள். இரண்டு நாள் அழுதேன். பிறகு ஹோமுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது, "வயிறெரிஞ்சா போனேன்? வயிறு நெறைய இட்லி தின்னுட்டுல்லா போனேன்" என்றீர்கள். புஷ்பத்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அழவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

நம் தெருக்கோடியில் பலசரக்குக் கடைக்காரரின் அப்பா இருந்தாரே, நினைவிருக்கிறதா? பின்கட்டில், மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் போட்டிருந்தார்கள். தனித் தட்டு, தனித் தம்ளர். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போகும், ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள்தான் வேலியோரம் நின்று பேச்சுக் கொடுப்பீர்கள். அவர் செத்தபோது தெருவை அடைத்துப் பந்தல், கொட்டு மேளம். கடைசிவரைக்கும் வீட்டிலேயே வைத்துப் பார்த்தான் என்று ஊர் அந்த மகனை மெச்சியது. ஹோம்கள் வந்ததால்தான் வயசானவர்களுக்குக் கேடு வந்தது, காலம் கெட்டுவிட்டது என்று இன்றைக்கும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். அந்தக் கொட்டத்தில் ஒரு நாள் படுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

ஹோமும் சொர்க்கம் இல்லை, எனக்குத் தெரியும். முதலில் உங்களுக்குப் பிடிக்காதது அந்தச் சாப்பாட்டு வழக்கம். யாராவது பிறந்தநாளுக்கோ நினைவு நாளுக்கோ மத்தியானச் சாப்பாடு போடுவார்கள். அவர்கள் வந்து சேரும் வரை எல்லோரும் இலை முன்னால் காத்திருக்க வேண்டும். வந்ததும் கும்பிட்டு வாழ்த்த வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும், பிறகுதான் கை நனைக்கலாம். ஒருநாள் ராஜபாளையத்து முதலாளி ஒருவர் வீட்டுச் சாப்பாடு. சாம்பார் ஆடை கட்டிப்போயிற்று, அவர்கள் வரவில்லை. ஒருவழியாகக் காரில் வந்து இறங்கி, கேமராக்காரர் ஆட்களை நெருக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் உட்கார்ந்தபடியே சொன்னீர்கள்: "சோறு ஆறுது. நாங்க கும்பிடணும்னா நீங்களும் எங்ககூட உக்காந்து தின்னுங்க. இல்லன்னா நாங்க தின்னுக்கிடுதோம், நீங்க போட்டோ புடிச்சுக்கிடுங்க."

சிஸ்டருக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் அந்த முதலாளியின் மனைவி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து யார் சாப்பாடு போட்டாலும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்களால் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள் என்று சிஸ்டர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். குறைப்படும்போதே சிரித்தார்.

எல்லோரும் உங்களைப் போல நடந்து வந்தவர்களும் இல்லை. மருந்து வாங்கிட்டு வாரேன் என்று சொல்லி ஒருவன் தன் அம்மாவைக் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டுப் போனான். அந்த அம்மா நாள் கணக்கில் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டக் கற்றுக் கொடுத்தீர்கள். ரொம்ப காலம் கழித்து ஒரு பொங்கலுக்கு அவன் கரும்போடு வந்தான். அவனைப் பிடித்து அம்மா முன்னால் உட்கார வைத்து, "சொல்லுலே. மருந்துக்கட இம்புட்டு தொலைவா? ஒங்கம்மா கேக்கா" என்றீர்கள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. உங்களுக்கு அவன் மேல் வந்த கோபத்தில் ஒரு துளி கூட எனக்குக் குறைவில்லை. அதனால்தான் என்னையும் அவனையும் ஒரே வார்த்தையில் ஊர் அடைத்ததை என்னால் தாங்க முடியவில்லை.

காலம் மாறியதை நான் காதால் கேட்டேன் அத்தை. எக்சேஞ்சில் என்னை என்கொயரி மேசைக்கு மாற்றியிருந்தார்கள். நம்பர் தெரியாதவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள், நாங்கள் தேடிச் சொல்வோம். முகம் கிடையாது, குரல் மட்டும்தான். நீங்கள் போன புதிதில் அந்த ஹோம் நம்பரைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கேட்பார்கள், கோயில் ஆபீசிலிருந்து கேட்பார்கள். "அந்த அநாத மடம் நம்பர் குடும்மா" என்று சத்தமாகக் கேட்பார்கள். யாரோ ஒருவருக்காகக் கேட்பதில் என்ன கூச்சம்? சில வருஷத்தில் குரல் தாழ்ந்தது. "வயசானவங்கள வச்சுப் பாத்துக்கிடுத எடம் ஒண்ணு இருக்காமே, அது நம்பர் வேணும்..." என்று ஆண்கள் இழுப்பார்கள். பின்னால் யாரோ "சீக்கிரம் கேளுங்க" என்று பல்லைக் கடிப்பது கேட்கும். மெட்ராஸிலிருந்தும் பம்பாயிலிருந்தும் டிரங்க் காலில் கேட்டார்கள். துபாய்க்குப் போனவர்கள் இங்கே இருக்கும் சிநேகிதர்களை விட்டுக் கேட்கச் சொன்னார்கள். அநாதை மடம் ஹோம் ஆயிற்று, ஹோம் முதியோர் இல்லம் ஆயிற்று. கூடத்துக்குப் பின்னால் தனி அறைகள் கட்டினார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் காம்பவுண்டுச் சுவரும் பூந்தோட்டமுமாகப் புதிது புதிதாக வேறு இல்லங்களும் வந்தன.

தொண்ணூறுகளில் ஒருநாள் ஒரு வயசான பெண் குரல் கேட்டது. யாருக்காக என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "எனக்குத்தாம்மா. இடம் இருக்கான்னு கேக்கணும்." குரலில் நடுக்கமும் இல்லை, தாழ்வும் இல்லை. ரிட்டையர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸாம். நம்பரைச் சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததையும் சேர்த்துச் சொன்னேன்: "எங்க அத்த அங்கதான் இருக்காவ. நேர்லயே போயிப் பாருங்க." ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஊரெல்லாம் திட்டுகிறபோது நீங்கள் நடந்த வழியில் இன்னொருத்தி நடக்கிறாள் என்று அவ்வளவு சந்தோஷம். மதினியின் சம்பந்தியே கொஞ்ச காலம் கழித்து பஸ் ஸ்டாப்பில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அந்த அறைகளில் ஒன்று காலியாக இருக்கிறதா என்று கேட்டார். பெண் கொடுத்த வீட்டில் கிழவியை ஹோமில் விட்டார்கள் என்று கல்யாணத்தன்று முணுமுணுத்த அதே மனிதர். சிஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டும் சொன்னேன்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள், இவரும் ஆசையாகப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஹோம் வாசலை ஒரு தடவை கூட அவர் மிதிக்கவில்லை. தொண்ணூறுகள் முடியப் போகிற சமயத்தில்தான் மிதித்தார். மில் பஞ்சு உங்கள் நெஞ்சை அடைத்துவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன மத்தியானம், மதினியும் இவரும் காரோடு வந்தார்கள்.

"இங்க வச்சு உசுரு போச்சுன்னா நாங்க ஊருக்குள்ள தல காட்ட முடியாது. வீட்டு வாசல்ல இருந்துதான் எடுக்கணும்," என்றார் மதினி. சிஸ்டர் ஒதுங்கிக்கொண்டார். பிள்ளைகள் முடிவு பண்ண வேண்டியது என்றார். அப்போது புஷ்பத்தம்மா உங்களுக்கு ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மதினி அவரிடம், "நீங்க செத்த வெளிய இருங்க. குடும்பத்துக்குள்ள பேசணும்" என்றார்.

அவர் கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு என்ன உறவு இருந்தது? நீங்கள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்களுக்கு இருந்த பலம் அவ்வளவும் அந்தப் பிடியில் இருந்தது.

"நீங்க உக்காருங்க," என்றேன் புஷ்பத்தம்மாவிடம். "இவிய வெளிய போகணும்னா நாம எல்லாருமே வெளிய போகணும்."

"எல்லாம் ஒன்னாலதாண்டி," என்று மதினி வெடித்தார். "நீ ஒண்ணப் பெத்திருந்தாத் தெரியும்."

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள், மூச்சுக்கு ஒரு வார்த்தையாக. "அவளச் சொல்லாத. நான்... நடந்துதான் வந்தேன்." பிறகு இவரைப் பார்த்தீர்கள். "எங்க சாவணும்னு... என்னைக் கேளுய்யா."

இவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எங்க இருக்கணும்மா, சொல்லு," என்றார். நீங்கள் புஷ்பத்தம்மாவின் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டீர்கள்.

நான் வெளியே போனேன். காரின் பின்சீட்டில் உங்களுக்காகப் போர்வை விரித்து, கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். போர்வையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். டிரைவரைப் போகச் சொன்னேன். அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்திய சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தலை நிமிர்கிறது.

நீங்கள் ஆசைப்பட்டபடியே, புஷ்பத்தம்மா நெஞ்சைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போனீர்கள். ஹோம் முற்றத்தில்தான் கிடத்தினோம். ஊரிலிருந்து சொந்தங்கள் வந்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார்கள். குளிப்பாட்டி முடித்ததும் பெரியவர் ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடி யாரு?" என்று குரல் கொடுத்தார். பிறந்த வீட்டுப் புதுச்சேலை போர்த்தாமல் ஒரு பெண்ணை எடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை. உங்கள் பிறந்த வீட்டில் யார் மிச்சம்? ஒரே அண்ணன், அவரும் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பங்காளிகளில் யாரையாவது போடச் சொல்லலாமா என்று முணுமுணுத்தார்கள்.

புஷ்பத்தம்மா உள்ளேயிருந்து வந்தார். கிறிஸ்துமஸுக்கு ஹோமில் கொடுத்த சேலை, மடிப்புக் கலையாமல் அவர் கையில் இருந்தது. கூட்டத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏசுவக் கும்புடுத வேதக்காரி கோடியா? எங்கயாவது உண்டா?" என்றார் மதினி.

நான் வாயைத் திறக்குமுன் இவர் எழுந்தார். உங்கள் மகன் அத்தை, நீங்கள் பெற்ற மகன்தான் என்று அன்றைக்குக் காட்டினார். "அக்கா, நீ சும்மா இரு. அம்மா மில்லுல தின்ன சோறு பூராவும் இவிய பொங்கினது. இவியளுக்கு இல்லாத உரிமை இங்க யாருக்கு இருக்கு?" என்றார். கூட்டத்தை விலக்கி, புஷ்பத்தம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "போடுங்கம்மா."

அவர் போர்த்தினார். மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, சேலை ஓரத்தை உங்கள் காலடியில் இழுத்து விட்டதும் மதினிதான்.

அதற்குப் பிறகும் புஷ்பத்தம்மா சில வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் இவரும் சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம். கடைசி வரைக்கும் என் சமையலில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் போனபோது இவர்தான் முன்னால் நின்று சவப்பெட்டியைத் தூக்கினார். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். இப்போது எங்களுக்கும் வயசாகிவிட்டது. இவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. பிள்ளையில்லாத பாவம், யார் பார்ப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். அந்த உச்சுக்கொட்டல் எங்களுக்குத் தேவையில்லை. சிஸ்டரிடம் ஒரு அறைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன கல்லறைத் திருநாளுக்கும் வழக்கம்போல் மெழுகுவர்த்தியும் பூவும் வாங்கிக்கொண்டு புஷ்பத்தம்மாவிடம் போயிருந்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு அம்மா என் நெற்றிப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமியா," என்றேன்.

"மரியபுஷ்பமா? அவங்களுக்குக் கல்யாணமே ஆகலையேம்மா."

"ஆகல. ஆனா எனக்கு மாமியாதான். எனக்கு ரெண்டு மாமியா. ஒருத்தவியள நான் ஹோம்ல விட்டுட்டேன்னு ஊருக்குள்ள சொல்லுவாவ. நீங்களும் கேட்டிருப்பீய. அது தப்பு. ரெண்டு பேருமே அங்கதான் இருந்தாவ. நல்லா இருந்தாவ. நானும் அங்கதான் போகப் போறேன்."

சொல்லிவிட்டு அடுத்த மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தேன்.